குந்தி உட்கார்ந்து பாருங்கள்: சிங்கப்பூரின் பழைய பொருள் சந்தைகளுக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு

சிங்கப்பூருக்கு வந்து ஓராண்டு ஓடிவிட்டது, பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டியிடம் 'ஹலோ'வைத் தாண்டி ஒரு வார்த்தை பேசியதில்லை என்று சொல்பவர்கள் நிறையப் பேர். அவர்களைக் குறை சொல்ல முடியாது. லிஃப்டில் எல்லாரும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். பேரங்காடியில் விலை ஒட்டியிருக்கிறது, காசு வாங்குவதும் இயந்திரம்தான். பேசாமலே வாழ்ந்துவிடக்கூடிய ஊர் இது. பேசியே ஆகவேண்டிய இடமும் ஒன்று உண்டு: தரையில் துணி விரித்துப் பழைய சாமான் விற்கும் சந்தை.

மலிவாக வாங்குவது எப்படி என்று சொல்ல இதை எழுதவில்லை. மலிவுதான் வேண்டுமென்றால் கேரோசல் போதும். 2012ல் இங்கேயே தொடங்கிய செயலி அது. சோபாவை விட்டு எழுந்திருக்காமல் பாதி விலைக்கு வாங்கலாம். சந்தைக்குப் போவது, இந்த ஊர் மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் எப்படிப் பழகுகிறார்கள் என்று பார்க்க. அதிலே ஒரு சிக்கல் இருக்கிறது. வேடிக்கை பார்க்க மட்டும் போனால் ஒன்றுமே கண்ணில் படாது. கையைக் கட்டிக்கொண்டு நிற்பவரிடம் அங்கே யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள். வாங்க வந்தவராகப் போகிறவருக்குத்தான் சந்தை தன்னைக் காட்டும். கீழே சொல்லும் எல்லாமே அந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

சுங்கை ரோடு போனபின்

பழைய பொருள் சந்தை என்றதும் இங்குள்ள மூத்தவர்கள் வாயில் முதலில் வருவது சுங்கை ரோடு. லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்காவிலிருந்து நடந்தே போகிற தூரம். ரோச்சோர் கால்வாய் ஓரத்தில் 1930களில் தொடங்கியது. போருக்குப் பிறகு பிரிட்டிஷ் ராணுவத்தின் உபரிச் சீருடைகள், பூட்ஸ், கருவிகள் எல்லாம் அங்கே கைமாறின. திருட்டுச் சாமானும் கலந்து வந்ததால் 'திருடர் சந்தை' என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. பிட் ஸ்திரீட், வெல்ட் ரோடு, லாருட் ரோடு, பாசார் லேன் என்று சுற்றுவட்டாரத் தெருக்களில் பரவி, வாடகை இல்லாமல் தரையில் விரித்து விற்கக்கூடிய இடமாகப் பல ஆண்டுகள் நீடித்தது. 2011ல் ஜாலான் புசார் ரயில் நிலையக் கட்டுமானத்துக்காகப் பாதியாகச் சுருங்கியது. 2017 ஜூலை 10ஆம் தேதி முழுதாக மூடப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் ரயில் நிலையம் திறந்தது.

நம் ஆட்களுக்கு அந்த இடம் வெறும் வேடிக்கை இல்லை. ஞாயிறு விடுப்பில் தேக்காவுக்கு வரும் தமிழ், பங்ளாதேஷ் ஊழியர்கள் அப்படியே நடந்து போய்க் காற்சட்டை, வேலைத்தலக் காலணி, கைப்பேசி, ஊருக்குப் போகும்போது வேண்டிய பெட்டி என்று வாங்கி வருவார்கள்.

பழம்பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. அது மூடியபின் என்ன ஆனது என்று தெரிந்தால்தான் இன்றைக்கு எங்கே போவது, எப்படி நடந்துகொள்வது என்பது புரியும். விற்றவர்கள் சிதறிப்போனார்கள். சிலருக்கு உணவங்காடி நிலையங்களில் பூட்டி வைக்கக்கூடிய சிறு கடை கிடைத்தது. சிலர் வயதாகிவிட்டது என்று வீட்டோடு இருந்துவிட்டார்கள். சிலர் உரிமம் இல்லாமல் நடைபாதை ஓரத்தில் விரிக்கிறார்கள். ஆகவே நீங்கள் பார்க்கப்போவது விலாசம் உள்ள சந்தை இல்லை. வரும், போகும், மழை வந்தால் மறையும், அதிகாரி வந்தால் இன்னும் வேகமாக மறையும்.

எங்கே தேடுவது

சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலுக்கு எப்படியும் போவீர்கள். 1827ல் எழுந்த கோயில் அது. பக்கத்தில் உள்ள பகோடா ஸ்திரீட், டெம்பிள் ஸ்திரீட் இரண்டுக்கும் பெயர் வந்ததே அந்தக் கோயிலால்தான். கும்பிட்டு முடித்ததும் சைனாடவுன் காம்ப்ளெக்ஸ் பக்கம் நடங்கள். சுற்றுப்பயணிகளுக்கான காந்த ஒட்டிகளும் விசிறிகளும் விற்கும் கடைகளைத் தாண்டினால் கிரேத்தா ஆயர் சதுக்கம். முதியவர்கள் சீனச் சதுரங்கம் ஆடுவார்கள், ஆடுபவரைவிடப் பக்கத்தில் நின்று யோசனை சொல்பவர்கள் அதிகம். அந்தச் சுற்றுவட்டாரத்தில் மாலையிலும் வார இறுதியிலும் ஒரு துணியையோ அட்டையையோ விரித்து, நாலு கைக்கடிகாரம், ஒரு ரைஸ் குக்கர், ஒரு சட்டைக் குவியல் என்று வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கலாம். எந்த மூலை என்று சொல்லமாட்டேன். மூலை மாறிக்கொண்டே இருக்கும், தவிர, அதை எழுதி வைப்பது அவர்களுக்கு நல்லதும் இல்லை.

கூச்ச சுபாவம் உள்ளவர்கள் ஏற்பாடு செய்த சந்தைகளில் தொடங்கலாம். சமூக மன்றங்களிலும் கடைத்தொகுதி முற்றங்களிலும் மேசை வாடகைக்கு விட்டு நடத்துவார்கள். விற்பவர்கள் பெரும்பாலும் இளையர்கள். விலை எழுதியிருக்கும், ஆங்கிலத்தில் பேசினால் போதும். பாதுகாப்பானவை, சுத்தமானவை, எனக்கு மட்டும் கொஞ்சம் சப்பென்று இருக்கும்.

காசே இல்லாத சந்தையும் உண்டு. போஸ்ட்-மியூசியம் என்ற கலை அமைப்பு 2009ல் தொடங்கிய இலவசச் சந்தை ஒன்று அவ்வப்போது இடம் மாறி நடக்கும். வேண்டாததைக் கொண்டுவந்து வைக்கலாம், வேண்டியதை எடுத்துப் போகலாம், கொண்டுவராமலும் எடுக்கலாம். துணிமணிகளை மாற்றிக்கொள்ளும் கூட்டங்களும் நடக்கின்றன; அங்கே எத்தனை உருப்படி கொடுத்தீர்களோ அத்தனை எடுக்கலாம் என்பது போன்ற கணக்கு இருக்கும். வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

வெயில் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வாட்டர்லூ ஸ்திரீட்டில் சிங்கப்பூர் மகளிர் அமைப்புகள் மன்றம் நடத்தும் நியூ2யூ போன்ற நன்கொடைக் கடைகள் இருக்கின்றன. அங்கே பேரம் பேசாதீர்கள். அது தர்மக் காசு.

என்ன எடுத்துப் போவது

இரண்டு வெள்ளி, ஐந்து வெள்ளித் தாள்கள் (இங்கே டாலரை வெள்ளி என்போம்). ஐம்பது வெள்ளியை நீட்டினால் சில்லறை இல்லை என்பார்கள், அதோடு பேச்சும் முடிந்துவிடும். ஒரு சின்ன வேடிக்கை: சுங்கை ரோடு மூடிய அதே 2017 ஜூலை 10ஆம் தேதியில்தான் கைப்பேசி வழியே பணம் அனுப்பும் பேநவ் சேவை இந்த ஊரில் அறிமுகமானது. இன்று சில முதியவர்கள் கியூஆர் குறியீட்டை அட்டையில் ஒட்டிக் கழுத்தில் மாட்டியிருக்கிறார்கள். மற்றவர்கள் காசைத் தவிர எதையும் தொடமாட்டார்கள். முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.

ஒரு துணிப்பை, தண்ணீர், குடை. நவம்பர் முதல் ஜனவரி வரை பிற்பகல் வானத்தை நம்பிக் கிளம்ப முடியாது. நல்ல சட்டை போட்டுக்கொண்டு போகாதீர்கள், தரையில் உட்கார வேண்டியிருக்கும். பிள்ளைகளை அழைத்துப் போகலாம் என்பதைவிட அழைத்துப் போனால் நல்லது என்பேன். பிள்ளையோடு வருபவரை யாரும் அதிகாரி என்றோ நிருபர் என்றோ நினைக்கமாட்டார்கள்.

முதல் சுற்று: கை பின்னால் இருக்கட்டும்

வந்ததும் எதையும் தூக்காதீர்கள். ஒரு முறை முழுதாக நடந்து வாருங்கள். நேரம் ஆகும், ஆகட்டும்.

யார் யாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு மலாய்க்காரர் தொழுகைக்கோ கழிவறைக்கோ எழுந்து போனால், பக்கத்துச் சீனக் கிழவர் அவருடைய சாமானையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வார். வாங்க யாராவது வந்தால் விலையும் சொல்லுவார், காசு வாங்கி அந்தத் துணிக்கு அடியிலேயே வைப்பார். ஒப்பந்தம் எதுவும் கிடையாது. இன இணக்கம் பற்றி மேடையில் பேசுவதை நிறையக் கேட்டிருப்பீர்கள். அது நடைபாதையில் எப்படி நடக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

வாங்காமல் வந்து உட்கார்ந்திருப்பவர்களைக் கவனியுங்கள். சின்ன நெகிழி முக்காலி ஒன்றைக் கொண்டுவந்து, விற்பவர் பக்கத்தில் போட்டுக்கொண்டு, பாலில்லாத கோப்பி ஓவையோ பால் சேர்த்த கோப்பி சியையோ நெகிழிப் பையில் தொங்கவிட்டுக்கொண்டு மணிக்கணக்கில் இருப்பார்கள். அவர்களுக்கு இது வாசகசாலையும் கோப்பிக்கடையும் சேர்ந்தது. பொருளின் சரித்திரம் விற்பவரைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும், சொல்ல ஆசையும் இருக்கும்.

வியாபாரிகள் தங்களுக்குள்ளே வாங்கிக்கொள்வது இன்னொன்று. சாமான் பையிலிருந்து வெளியே வரும் முதல் அரைமணி நேரத்தில் சக விற்பனையாளர்களும் சேகரிப்பாளர்களும் சூழ்ந்துகொள்வார்கள். சிலர் கையில் டார்ச் விளக்கு, சிலர் சட்டைப் பையில் உருப்பெருக்கிக் கண்ணாடி. அதிகம் பேச்சு இருக்காது, தாள் கைமாறும். நல்ல சாமான் பொதுமக்கள் கண்ணில் படும் முன்பே இடம் மாறிவிடும். அந்த நேரத்தில் நடுவில் புகுந்து கைநீட்டாதீர்கள். நின்று பாருங்கள், அதுவே பெரிய காட்சி.

வீட்டு வேலைக்கு வந்திருக்கும் பெண்கள் ஞாயிற்றுக்கிழமை உடுப்புக் குவியலைச் சலித்துப் பார்க்கும் விதமும் தனி. ஒருத்தி உடுப்பைத் தூக்கிப் பிடிக்க, மற்றவள் கைப்பேசியில் ஊருக்கு வீடியோ அழைப்பு போட்டுக் காட்டுவாள். அளவு சரியா என்று அங்கேயிருந்து ஒரு பிள்ளை சொல்லும். பக்கத்தில் நின்று எட்டிப் பார்க்க வேண்டாம். காதில் விழுவது போதும்.

பிறகு சாமான்கள். அவை எங்கிருந்து வருகின்றன என்று யோசித்துக்கொண்டே பாருங்கள். வீடு மாறியவர்கள் விட்டுப்போனது, உரிமையாளர்கள் சேர்ந்து மொத்தமாக விற்றதால் காலியான குடியிருப்புகளிலிருந்து வந்தது, வீடு வீடாகப் போய்ப் பழைய சாமான் எடுக்கும் கரங்குனிக்காரர் வாங்கிச் சேர்த்தது, ஒரு தாத்தா இறந்தபின் பிள்ளைகள் ஒட்டுமொத்தமாகக் கொடுத்தது. பச்சைப் பூப்போட்ட கோப்பிக் கோப்பை, மங்குத் தூக்குச்சட்டி, ஒலிநாடாக்கள், 1967 முதல் வந்த ஆர்க்கிட் வரிசைப் பணத்தாள்கள், ரெடிஃப்யூஷன் பெட்டி. இந்தக் கடைசியைப் பார்த்தால் நின்றுவிடுங்கள். 1949ல் தொடங்கி 2012 வரை இருந்த கம்பிவழி வானொலி அது. சந்தா கட்டிய வீடுகளிலும் கோப்பிக்கடைகளிலும் சீன வட்டார மொழிகளில் கதை சொல்லிக்கொண்டிருந்த பெட்டி. "இது உங்க வீட்டில இருந்ததா?" என்று ஐம்பது வயதைத் தாண்டிய எந்தச் சீனரிடமும் கேளுங்கள், அப்புறம் நீங்கள் பேசவே வேண்டியதில்லை.

யாருடைய குடும்பம் என்றே தெரியாத புகைப்பட ஆல்பங்களும் கிடக்கும். கல்யாணப் படம், பள்ளிப் படம், விமான நிலையத்தில் மாலையோடு எடுத்த படம். புரட்டிப் பார்க்கலாம். பார்த்துச் சிரிக்க வேண்டாம், கைப்பேசியில் படம் எடுத்துப் பரப்பவும் வேண்டாம்.

குந்துங்கள்

இரண்டாம் சுற்றில், பிடித்த விரிப்பின் முன்னால் குந்தி உட்காருங்கள். நின்றுகொண்டு குனிந்து கேட்பவர் சோதனை போட வந்தவர் மாதிரித் தெரிவார். கண்ணும் கண்ணும் ஒரே உயரத்துக்கு வந்தபின்தான் பேச்சு ஆரம்பிக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் சொல்லிவிடுங்கள். முக்காலியை நகர்த்திக் கொடுப்பார்கள்.

அழைக்கும் முறை எளிது. சீன முதியவர் ஆணாக இருந்தால் அங்கிள், பெண்ணாக இருந்தால் ஆன்ட்டி. மலாய்க்காரரில் மூத்தவர் பாக் சிக், மூத்த பெண் மக் சிக், நம் வயதை ஒத்தவர் ஆண் என்றால் அபாங், பெண் என்றால் கக்காக். தமிழர் என்றால் அண்ணே, அக்கா, வயதானவர் என்றால் ஐயா, அம்மா. 'சார்' என்று தொடங்கினால் அந்நியமாகிவிடுவீர்கள். பெயர் கேட்க அவசரப்படாதீர்கள். பல ஆண்டு பழகியவர்கள்கூட ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாமலே இருப்பார்கள்.

மொழி ஒரு தடையில்லை. வயதான சீன வியாபாரிகள் பலருக்குச் சந்தை மலாய் நன்றாக வரும், ஆங்கிலம் கொஞ்சம் வரும், 'தம்பி', 'வா', 'காசு' மாதிரி நம் சொற்களும் சில பேருக்கு வரும். உங்களுக்கு ஐந்தாறு மலாய்ச் சொற்கள் போதும். விலை கேட்க 'பெராப்பா', குறைக்கச் சொல்ல 'கூராங் சிக்கிட்', சரி என்றால் 'போலே', நன்றிக்கு 'தெரிமா காசே'. உச்சரிப்புப் பிழைத்தாலும் முகம் மலரும்.

மலாய்க்காரரிடம் காசைக் கொடுக்கும்போதும் பொருளை வாங்கும்போதும் வலக்கை. எதையாவது சுட்டிக்காட்ட வேண்டுமென்றால் ஆள்காட்டி விரலை நீட்டாமல் கட்டைவிரலால் காட்டுவது அவர்களுக்கு மரியாதை. சீன முதியவரிடம் இரண்டு கையாலும் கொடுத்தால் சந்தோஷப்படுவார். விரிப்பைத் தாண்டிக் காலெடுத்து வைக்காதீர்கள். சாமி சிலை இருந்தால், அது எவ்வளவு பழசாக, உடைந்து இருந்தாலும், தலையைப் பிடித்துத் தூக்காதீர்கள். கேட்டுவிட்டு இரு கையால் எடுங்கள். இதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

விலை பேசுவது

இங்கேதான் அவசரப்படுகிறவர்கள் கோட்டைவிடுகிறார்கள். ஊர்ச் சந்தையில் போல நூறு சொன்னால் முப்பதுக்குக் கேட்பது இங்கே செல்லாது. பாதிக்குக் கீழே கேட்டால் அவமதிப்பாக எடுத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்:

"அங்கிள், ஹவ் மச்?"

"யூ சே லா."

இந்த இடத்தில் தொகை சொல்லிவிடாதீர்கள். பொருளைத் திருப்பிப் பாருங்கள், வேலை செய்யுமா என்று கேளுங்கள், எந்தக் காலத்தது என்று கேளுங்கள். அவர் பதில் சொல்லும்போதே பாதி விலை தெரிந்துவிடும். சிரித்துக்கொண்டே சொன்னால் தள்ள நினைக்கிறார், பெருமையாகச் சொன்னால் பிரிய மனமில்லை.

"டென் டாலர்."

"எய்ட், கேன்?"

"கெனாட். நைன் லா."

அவ்வளவுதான். ஒரு முறை கேட்டு, ஒரு முறை அவர் இறங்கி, முடித்துக்கொள்வதுதான் இங்கே அழகு. ஒரு வெள்ளிக்காகக் கால்மணி நேரம் இழுத்தால் நீங்கள் ஜெயித்தாலும் அடுத்த வாரம் உங்களைப் பார்த்ததும் அவர் கைப்பேசியை எடுத்துக்கொள்வார். நீங்கள் சொன்ன விலைக்கு அவர் சரி என்றுவிட்டால் வாங்கியே ஆகவேண்டும். சும்மா கேட்டுப் பார்த்தேன் என்று எழுந்து போவதைப் போல மோசமான நடத்தை இந்தச் சந்தையில் வேறில்லை. குறைக்க மனமில்லாத விற்பனையாளரிடம் இரண்டு மூன்று பொருளைச் சேர்த்து எடுத்து ஒரே விலை கேளுங்கள், அதற்கு மசிவார்கள்.

கை எண்களைக் கற்றுக்கொள்ளுங்கள். சத்தமான இடத்தில், அல்லது பக்கத்திலிருப்பவருக்கு விலை தெரிய வேண்டாம் என்றால், சீன வியாபாரி வாயைத் திறக்காமல் ஒரே கையால் விலை காட்டுவார். ஐந்து வரை நம்மைப் போலத்தான். ஆறு என்றால் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் நீண்டிருக்கும். எட்டு என்றால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும். புதியவர்கள் இதை இரண்டு என்று எண்ணிக்கொண்டு இரண்டு வெள்ளியை நீட்டுவார்கள், சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள். ஒன்பதுக்கு ஆள்காட்டி விரல் கொக்கியாக வளையும். பத்துக்கு இரண்டு கையின் ஆள்காட்டி விரல்களும் குறுக்காக நிற்கும். சிலர் மூடிய கையைக் காட்டுவார்கள். ஏழு மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். சந்தேகம் வந்தால் தாளை எடுத்துக் காட்டி உறுதிப்படுத்துங்கள்.

முதல் போணி விஷயம் நம்மிடம் மட்டும் இல்லை. சீன வியாபாரிகளும் நாளின் முதல் விற்பனையைப் பெரிதாக நினைப்பார்கள். கடை விரித்த உடனே போய்த் துருவித் துருவிக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு எழாதீர்கள். ஒரு வெள்ளிக்கு ஏதாவது வாங்கினாலும் போதும். கடைசி நேரம் நேர் எதிர். மூட்டை கட்டும்போது தூக்கிப் போக மனமில்லாமல் பாதிக்கும் கொடுப்பார்கள், சும்மாவும் கொடுப்பார்கள். சும்மா கொடுப்பதை மறுக்காதீர்கள். அடுத்த முறை போகும்போது இரண்டு கோப்பி வாங்கிப் போங்கள்.

வாங்குவதற்குமுன் பார்க்க வேண்டியவை

துணி என்றால் அக்குளும் தையலும், பெட்டி என்றால் சக்கரமும் பூட்டும். மின்சாதனத்தில் மூன்று சதுரக் கால் உள்ள செருகியும் பாதுகாப்புச் சின்னமும் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த ஊர் மின்சாரம் 230 வோல்ட். அமெரிக்காவிலோ ஜப்பானிலோ வாங்கி யாரோ விட்டுப்போன சாதனம் செருகியதும் புகையக்கூடும். ஜப்பானியர் காலத்து, வாழைமரப் படம் போட்ட பணத்தாள்கள் எல்லா விரிப்பிலும் கிடக்கும். நினைவுக்கு ஒன்று வாங்கலாம், முதலீடு என்று வாங்காதீர்கள், நகல் அதிகம்.

கைப்பேசி வாங்காதீர்கள் என்பது என் கறாரான கருத்து. முந்தைய உரிமையாளர் கணக்கில் பூட்டிக் கிடந்தால் அது செங்கல். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது இங்கே குற்றம். ஆயிரம் வெள்ளிக் கைப்பேசி ஐம்பது வெள்ளிக்கு வருகிறதென்றால் அந்தக் காரணம் உங்கள் கையிலேயே இருக்கிறது. யாராவது மறைவாகத் தீர்வை கட்டாத சிகரெட் நீட்டினால் வேண்டாம் என்று நடையைக் கட்டுங்கள். வாங்கியவருக்கும் தண்டனை உண்டு. மின்சிகரெட்டை 2018 பிப்ரவரி முதல் வைத்திருப்பதே சட்டவிரோதம். தந்த வளையல், தந்தச் சிலை என்று யாராவது சொன்னால், 2021 செப்டம்பர் 1 முதல் யானைத் தந்த விற்பனைக்கு இங்கே தடை.

கேமரா

கேட்காமல் ஆளைப் படம் எடுக்காதீர்கள். பொது இடம், சட்டப்படி தவறில்லை என்று வாதாடலாம். ஆனால் நடைபாதையில் விரித்திருப்பவர்களில் பலருக்கு உரிமம் இல்லை, பொது இடத்தில் உரிமமின்றி விற்பது குற்றம், படம் அவர்களுக்கு ஆபத்து. சில பேர் இப்படி உட்கார்ந்து விற்பது அவர்களுடைய பிள்ளைகளுக்கே தெரியாது. வாங்கியபின், பேசியபின், "போட்டோ கேன்?" என்று கேளுங்கள். தலையசைத்தால் பொருளையும் கையையும் எடுங்கள், முகத்தை விடுங்கள். இடத்தைக் குறிப்பிட்டுப் பதிவிடாதீர்கள். குறிப்பேட்டில் எழுதுவதும் அப்படித்தான். கேட்டதை எல்லாம் ரயிலில் ஏறியபின் எழுதிக்கொள்ளலாம்.

திடீரென்று நாலு பேர் ஒரே நேரத்தில் துணியின் நான்கு முனைகளையும் பிடித்துச் சுருட்டினால் அதிகாரிகள் வருகிறார்கள் என்று அர்த்தம். வாங்குபவருக்கு அதனால் சிக்கல் இல்லை. வழியை விட்டு ஒதுங்குங்கள், கையில் இருக்கும் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், கைப்பேசியில் வீடியோ எடுக்காதீர்கள். கொஞ்ச நேரத்தில் பெரும்பாலும் திரும்ப வந்துவிடுவார்கள்.

நாமும் விரிக்கலாமா

இரண்டு மூன்று முறை போய் வந்ததும் இந்த ஆசை வரும். வேலை அனுமதிச் சீட்டில் வந்திருப்பவர்கள் கண்டிப்பாக வேண்டாம். சீட்டில் பெயர் உள்ள முதலாளியிடம் மட்டும்தான் வேலை; வேறு தொழிலில் ஈடுபடவோ சொந்தமாகத் தொடங்கவோ கூடாது என்பது நிபந்தனை. பத்து வெள்ளிச் சட்டைக்காக ஊருக்குத் திரும்ப வேண்டிவரும். குடிமக்களும் நிரந்தரவாசிகளும்கூட நடைபாதையிலோ அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்திலோ இஷ்டப்படி விரிக்க முடியாது. ஏற்பாடு செய்த சந்தையில் மேசை எடுப்பதுதான் வழி. முதலில் வாங்குபவர் பக்கத்தில் ஒரு நாள் முழுக்கப் பழகிவிட்டுப் பிறகு எடுங்கள்.

விற்காமலே சந்தையில் பங்கெடுக்கலாம். வேண்டாத சாமானை இலவசச் சந்தைக்குக் கொண்டுபோங்கள். பக்கத்து வீடுகளில் கேட்டுவிட்டு லிஃப்ட் வாசலில் 'எடுத்துக்கொள்ளலாம்' என்று எழுதி வைப்பவர்களும் உண்டு. ஆனால் தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும், எடுக்க ஆளில்லாவிட்டால் ராத்திரிக்குள் நீங்களே உள்ளே கொண்டுபோய்விட வேண்டும். கட்டில், அலமாரி போன்ற பெரியவற்றுக்கு நகர மன்றத்தை அழைத்தால் வந்து எடுத்துப் போவார்கள்.

மற்றதெல்லாம் கரங்குனிக்காரருக்கு. ஹாரன் சத்தமும் அவருடைய குரலும் கேட்டதும் ஜன்னலைத் திறந்து மாடியையும் வீட்டு எண்ணையும் உரக்கச் சொல்லுங்கள். தள்ளுவண்டியோடு மேலே வருவார். பழைய செய்தித்தாளுக்கு அவர் கொடுக்கும் சில்லறையைப் பார்த்துப் பேரம் பேசத் தோன்றும். பேசுங்கள், ஒரு முறை மட்டும்.